டெலிவரி வண்டிக்கு எந்த ஆயில்?

பருப்பு மூட்டை வந்தால் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பார்க்காமல் நம்மில் யாரும் சரக்கை இறக்க மாட்டோம். அந்தப் பருப்பை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வண்டிக்கு ஆயில் மாற்றும்போது மட்டும் "ஏதாவது ஊற்றுப்பா" என்று சொல்லிவிடுகிறோம். நம் கடையிலும் அப்படித்தான் நடந்தது.

காருக்கு ஆயில் மாற்றியதில் கேனில் ஏறக்குறைய ஒரு லிட்டர் மிச்சம். விலை கூடிய ஆயிலாயிற்றே, வீணாக்குவானேன் என்று டெலிவரி பைக்கில் ஊற்றச் சொன்னோம். சில நாட்களில், அரிசிச் சிப்பத்தோடு மேம்பாலம் ஏறும்போது என்ஜின் உறுமியதே தவிர வண்டி ஏறவில்லை. தம்பி தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். "கார் ஆயிலும் பைக் ஆயிலும் ஒண்ணா அண்ணாச்சி? கிளட்ச் பிளேட் போச்சு" என்றார் மெக்கானிக். மாத முதல் வாரம், சாமான் பட்டியல்கள் குவிந்த நேரம். ஒன்றரை நாள் டெலிவரி நின்றது.

கியர் உள்ள காரில் என்ஜின் ஆயில் என்ஜினுக்கு மட்டுமே. கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். கிளட்ச் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். நாம் ஓட்டும் சாதாரண மோட்டார் சைக்கிளிலோ என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. மைலேஜ் கூட வேண்டும் என்று பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். கிளட்ச் பிளேட்டுக்கு உராய்வுதான் பிடிமானம். அது போனால் வழுக்கத்தான் செய்யும்.

ஆகவே கேனில் முதலில் பார்க்க வேண்டியது 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற முத்திரை. அது ஜப்பானியத் தர அமைப்பு வகுத்தது. ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று பொருள். கிளட்ச் ஆயிலில் நனையாத, கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு 'எம்.பி.' என்று இருக்கும். கடையில் இரண்டு வகை வண்டியும் இருந்தால் கேன்களை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற எண்கள். முன் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு. பின் எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயிலே நல்லது என்று சிலர் சொல்வார்கள். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றினால் இழுவை மந்தமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். வண்டியோடு தந்த புத்தகத்தில் உள்ள எண்ணே சரி. அந்தப் புத்தகம் பழைய பேரேடுகளுக்கு அடியில்தான் கிடக்கும், தேடி எடுங்கள்.

மொபெட் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பழைய எக்ஸ்.எல். சூப்பர் டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதன் டேங்கில் ஆயில் கலக்கக் கூடாது. என்ஜினுக்குத் தனியாக ஊற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் பங்கில் "ஆயில் போடு" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆயில் கறுத்துவிட்டதாலேயே கெட்டுவிட்டது என்றில்லை. அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் கறுக்கத்தான் செய்யும். கிலோமீட்டர்தான் கணக்கு. ஆனால் தெருவுக்குத் தெரு நின்று நின்று, பாரத்தோடு ஓடும் வண்டியில் ஆயில் முழுச் சூடு ஏறுவதற்குள் என்ஜின் நின்றுவிடுகிறது. ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். புத்தகம் சொல்லும் தூரத்துக்குச் சற்று முன்பே மாற்றுவது லாபம். வாரம் ஒருமுறை ஆயில் அளவையும் பார்க்க வேண்டும். குறைந்த ஆயிலில் ஓடும் என்ஜின் சீஸ் ஆகிவிடலாம்.

காலி கேனை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அந்தக் கேன்தான் முதல். ஓட்டை போட்டபின் போடுங்கள். வாங்கும்போது சீலைப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

நம் கடையில் இப்போது கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயில் எண் மூன்றையும் டெலிவரி தம்பியே எழுதுகிறான்.