மொரீசியஸ் போகத் திட்டமா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

கோலாலம்பூர் – “வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் டிசம்பரில் மொரீசியசுக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். போகலாமா?” சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் அண்மையில் கேட்ட கேள்வி இது. பல ஆண்டுச் சேமிப்பு ஒரே பயணத்தில் கரையப் போகிறது என்பதால் பதிலைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, மடகாஸ்கருக்கும் அப்பால் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு மொரீசியஸ். நம் நேரத்தைவிட நான்கு மணி நேரம் பின்தங்கியது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் தலைகீழாக வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும். மே முதல் அக்டோபர் வரை குளுமை, மழையும் குறைவு.

சூறாவளி பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வரும். 2024 ஜனவரியில் வீசிய பெலால் சூறாவளியால் தலைநகர் போர்ட் லூயிஸ் வெள்ளக்காடானது; விமான நிலையமும் மூடப்பட்டது. டிசம்பரில் ஆபத்து அவ்வளவு இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஐரோப்பியர்கள் குவிவதால் தங்கும் விடுதி, விமான டிக்கெட் இரண்டின் விலையும் உச்சத்தில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறை பொருத்தமானது. பணி ஓய்வு பெற்றவர்கள் செப்டம்பர், அக்டோபரில் செல்லலாம்.

எங்கே தங்குவது என்பதும் முக்கியம். குளிர் மாதங்களில் கிழக்குக் கரையில் காற்று பலமாக வீசும். வடக்கே கிராண்ட் பே, மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் பகுதிகளில் கடல் அமைதியாக இருக்கும். மேட்டுநிலமான கியூர்ப்பீப்பில் தூறல் அடிக்கடி உண்டு. வயதானவர்களுக்கு ஒரு குளிர்சட்டை எடுத்துக் கொள்ளுங்கள்.

சுற்றுலாவுக்குச் செல்லும் மலேசியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. கடப்பிதழ், திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். இணையத்தில் நிரப்ப வேண்டிய பயணப் படிவத்தைப் புறப்படும் முன்பே முடித்து விடுங்கள். போதைப்பொருள் சட்டம் அங்கே மிகக் கடுமையானது. தூக்க மாத்திரை, சிலவகை இருமல் மருந்து போன்றவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொண்டு செல்லாதீர்கள்.

மின்செருகி நம்முடையதைப் போலவே மூன்று முனை. வாகனமும் இடப்பக்கம்தான் ஓடுகிறது. வாடகைக் காரில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்துக் கொள்ளுங்கள். போர்ட் லூயிசிலிருந்து கியூர்ப்பீப் வரை ரயில் ஓடுகிறது.

கடற்கரை மட்டும்தான் வேண்டும் என்றால் லங்காவியே போதும். மொரீசியசில் நமக்கென்று வேறொன்றும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போய்விட்டார்கள். 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அவர்கள் கரையேறிய ‘ஆப்ரவாசி காட்’ போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இருக்கிறது. 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. அந்தக் கற்படிகளுக்கு முன்னால் நிற்கும்போது, நம் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த பாட்டன் பாட்டிகள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள்.

தைப்பூசம் அங்கே நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. ‘காவடி’ என்றே அதை அழைக்கிறார்கள். குவாத்ர் போர்ன் நகரில் கோர் டி கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு ஏறினால் பத்துமலை நினைவு வரும். ஆனால் பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருவதால், அதற்காகவே போகிறவர்கள் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டும் பயணக் காப்புறுதியும் எடுப்பது நல்லது.

ரூபாய் நோட்டிலும் தமிழைப் பார்க்கலாம். 1998-இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் தமிழ் இந்திக்குக் கீழே தள்ளப்பட்டபோது அங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த நோட்டுகள் மீட்டுக்கொள்ளப்பட்டு, தமிழ் பழைய இடத்துக்கே திரும்பியது.

ஆனால் வீதியில் தமிழில் பேசினால் பெரும்பாலோருக்குப் புரியாது. அவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். பெயரில் முத்துசாமியும் வீரப்பனும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருப்பார்கள். விசேஷ நாளில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். பேச்சு மட்டும் நழுவிவிட்டது. தமிழ்ப்பள்ளிகளைக் கையில் வைத்திருக்கும் நாம் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டியது அதையும்தான்.

சுங்கை சிப்புட் வாசகருக்கு நம் பதில்: கட்டாயம் போய் வாருங்கள், டிசம்பரில் மட்டும் வேண்டாம். அம்மாவின் மருந்துச் சீட்டை மறக்காதீர்கள்.