காரை வித்தாச்சு... போன் நம்பரை அழிச்சாச்சா? ஓசூர் டிரைவர்களே உஷார்!

ஓசூர்:

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரம். கம்பெனி கேட் வாசலில் டிராவல்ஸ் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. காலையில் ஒருவர் ஓட்டிய காரை மாலையில் இன்னொருவர் எடுக்கிறார். சாவி கை மாறுகிறது. டீசல் கணக்கு கை மாறுகிறது. அதோடு சேர்ந்து, காலையில் ஓட்டியவரின் வீட்டு நம்பர், மச்சான் நம்பர், சீட்டு பிடிக்கிறவர் நம்பர் எல்லாமே கை மாறிவிடலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

எப்படி என்கிறீர்களா? எல்லாம் அந்த டேஷ்போர்டில் மினுங்குகிற திரையின் வேலைதான்.

இப்போது வருகிற கார்களில், ஏன், வெளிக்கடையில் மாட்டுகிற ஸ்டீரியோ செட்களில் கூட, புளூடூத் வசதி இருக்கிறது. செல்போனை அதில் கனெக்ட் பண்ணிவிட்டால் போதும். போன் பாக்கெட்டிலேயே இருக்கும். கூப்பிடுகிறவர் பெயர் திரையில் வரும். ஸ்டீயரிங்கில் உள்ள பட்டனை அமுக்கிப் பேசலாம். எஸ்.எம்.எஸ். வந்தால் சில கார்கள் அதை வாய்விட்டு படித்தே காட்டும். ராத்திரி ராயக்கோட்டை தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு மண்டியில் இருந்து பத்து தடவை போன் வரும். அவருக்கு இது பெரிய உபகாரம்தான். சந்தேகமே இல்லை.

ஆனால் இந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் 'ஓ.கே.' அமுக்குவதில்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

மூணு கதவு... மூணுக்கும் தனித்தனி தாழ்ப்பாள்!

போனும் காரும் புளூடூத்தில் சேரும்போது மூன்று வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. முதலாவது, பேச்சு. காரின் மைக், ஸ்பீக்கர் வழியாக பேசுவது. இரண்டாவது, போன் புக். போனில் சேவ் செய்த பெயர்கள், யார் யாரை கூப்பிட்டீர்கள் என்ற பட்டியல், மிஸ்டு கால் எல்லாம் காருக்கு காப்பி ஆகும். மூன்றாவது, மெசேஜ். போனுக்கு வருகிற எஸ்.எம்.எஸ். காருக்கும் போகும்.

இதில் முதல் வேலைக்கு மற்ற இரண்டும் தேவையே இல்லை. பேசுவதற்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, போன் புக்குக்கும் மெசேஜுக்கும் 'வேண்டாம்' என்று சொல்லலாம். முதல் தடவை கனெக்ட் பண்ணும்போது போன் திரையில் கேள்வி வருவது இதற்காகத்தான். அவசரத்தில் அதைப் படிக்காமல் அமுக்கி விடுகிறோம்.

அமுக்கியாச்சா? கவலை வேண்டாம். பிறகும் மாற்றலாம். ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் பட்டியலுக்குப் போய், காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல் சக்கரப் படத்தை தொட்டால் காண்டாக்ட் பகிர்வதை நிறுத்தும் இடம் வரும். ஐபோனில் அதே இடத்தில் வட்டத்துக்குள் 'ஐ' என்று இருக்கும். அதைத் தொட்டால் காண்டாக்ட்டுக்கு ஒரு ஸ்விட்ச், மெசேஜ் அறிவிப்புக்கு ஒரு ஸ்விட்ச் தனித்தனியாக இருக்கும்.

சிலருக்கு இதற்கு நேர் எதிரான தலைவலி. "வண்டியில பேசுறது கேக்குது, ஆனா பேரு வரலை, வெறும் நம்பர்தான் வருது" என்பார்கள். அதற்கும் காரணம் இதே தாழ்ப்பாள்தான். போன் புக் அனுமதி மூடி இருக்கிறது. திறந்துவிட்டால் பெயர் வந்துவிடும். புதிதாக சேவ் செய்த பெயர் மட்டும் வரவில்லை என்றால், புளூடூத்தை ஒருமுறை ஆப் செய்து ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தமிழிலோ கன்னடத்திலோ சேவ் செய்த பெயர் கட்டம் கட்டமாக தெரிந்தால் அந்த செட்டில் அந்த எழுத்து இல்லை என்று அர்த்தம். இங்கிலீஷ் எழுத்தில் சேவ் செய்வதுதான் வழி.

எந்த மஞ்சு?

நம்ம எல்லைப் பகுதிக்கே உரிய கூத்து ஒன்று உண்டு. வாயால் சொன்னாலே கூப்பிடுகிற வசதி இருக்கிறதே, அது பெயரைத்தான் நம்பி இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற ஓசூர், பாகலூர், தளி பக்கம் ஒருவர் போனில் மூன்று 'மஞ்சு' இருப்பார்கள். ஒருவர் பெங்களூரு மெக்கானிக் மஞ்சுநாத். ஒருவர் அத்திப்பள்ளி புரோக்கர். இன்னொருவர் சொந்த அண்ணி! கார் எந்த மஞ்சுவை கூப்பிடும் என்பது அதற்கே வெளிச்சம். பெயரோடு ஊரோ தொழிலோ சேர்த்து சேவ் செய்தால் இந்த வம்பு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முதலாளியை பின் சீட்டில் உட்கார வைத்து ஓட்டுகிறவர்கள், முதலாளி நம்பரை என்ன பட்டப்பெயரில் சேவ் செய்திருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக் கொள்வது நல்லது. அவர் போன் பண்ணினால் அந்தப் பெயர் அவர் கண் முன்னாலேயே பெரிய எழுத்தில் வரும்.

புளூடூத் ஏறக்குறைய 10 மீட்டர் வரை எட்டும். டிரைவர் இறங்கி டீக்கடையில் நிற்கிறார், வண்டி ஆனில் இருக்கிறது என்று வையுங்கள். அவருக்கு வருகிற கால் வண்டிக்குள் இருக்கிற ஸ்பீக்கரில் பேசும். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

ஓ.டி.பி. திரையில் வந்தால்?

சிரித்துவிட்டு போகிற விஷயம் இல்லை இது. பேங்க்கில் இருந்து வருகிற ஓ.டி.பி.யும் ஒரு எஸ்.எம்.எஸ்.தான். மெசேஜ் கதவை திறந்து வைத்திருந்தால், அந்த ரகசிய எண் கார் திரையில் வரலாம். சில கார்கள் அதை படித்தும் காட்டும். கூட வருகிறவர் எல்லோரும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லையே! சம்பளம் வரவு, சீட்டு பாக்கி, நகைக்கடன் தவணை எல்லாம் எஸ்.எம்.எஸ். ஆகத்தான் வருகிறது. சொந்தக் கார் இல்லாதவர்கள், அதாவது ஆக்டிங் டிரைவர்கள், கம்பெனி வண்டி ஓட்டுபவர்கள், செல்ப் டிரைவ் கார் எடுப்பவர்கள், மெசேஜ் அனுமதியை மூடியே வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வாட்ஸ்அப் மெசேஜ் இந்த சாதாரண புளூடூத் வழியில் பெரும்பாலும் வராது. ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே என்ற வசதிகள் மூலமாகத்தான் அது காருக்குள் வரும்.

அமெரிக்காவில் கோர்ட்டு வரை போன விவகாரம்

'போனை எடுத்துக்கிட்டு இறங்கிட்டா எல்லாம் போயிடும்ல?' என்று கேட்கலாம். சில கார்கள் போன் விலகியதும் பெயர்களை மறைத்துவிடும். சில கார்கள், போனின் பெயரை பட்டியலில் இருந்து நீக்கும் வரை உள்ளேயே வைத்திருக்கும். வெளியில் இருந்து பார்த்து எது எப்படி என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் 2016 ஆகஸ்டிலேயே வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. காரை திருப்பிக் கொடுக்கும் முன் உங்கள் போன் விவரத்தை அழியுங்கள் என்றது. கூடவே இன்னொரு யோசனையும் சொன்னது. சார்ஜ் போடுவதற்காக மட்டும் போனை காரின் யு.எஸ்.பி. துவாரத்தில் சொருகாதீர்கள், சிகரெட் லைட்டர் துவாரத்தில் மாட்டும் சார்ஜரை பயன்படுத்துங்கள் என்றது. யு.எஸ்.பி. வயர் வழியாகவும் விவரம் போகலாம் என்பதுதான் காரணம்.

அங்கே வாஷிங்டன் மாநிலத்தில் கார் ஓனர்கள் சிலர், எங்கள் மெசேஜையும் கால் பட்டியலையும் கார் காப்பி எடுத்து வைத்துக் கொள்கிறது என்று சில பெரிய கார் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டார்கள். 2023 நவம்பரில் மேல் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. அந்த மாநில சட்டப்படி தங்களுக்கு என்ன பாதிப்பு என்று வழக்கு போட்டவர்கள் காட்டவில்லை என்று சொல்லிவிட்டது. கோர்ட்டை நம்பி பிரயோஜனம் இல்லை, நாமே அழித்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

அழிப்பது எப்படி?

கார் திரையில் செட்டிங்ஸ் போய், புளூடூத் என்றோ கனெக்ஷன் என்றோ இருப்பதை தொட வேண்டும். இதுவரை சேர்த்த போன்களின் பட்டியல் வரும். உங்கள் போன் பெயரை தேர்ந்தெடுத்து டெலிட் அமுக்க வேண்டும். போனில் மட்டும் காரின் பெயரை நீக்கினால் போதாது. காரில் இருக்கிற காப்பி அப்படியே இருக்கலாம். இரண்டு பக்கமும் நீக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலைதான்.

காரை விற்கிறவர்கள் ஒருபடி மேலே போய் 'பேக்டரி ரீசெட்' கொடுத்துவிட வேண்டும். போன் புக் மட்டும் அல்ல, மேப்பில் 'வீடு' என்று சேவ் செய்த விலாசமும் அதில்தான் இருக்கிறது. பெங்களூரில் இருந்து கே.ஏ. நம்பர் வண்டி இங்கே வருகிறது, இங்கிருந்து டி.என். 70 வண்டி வேறு ஊருக்குப் போகிறது. யார் கையில் போய் சேரும் என்று விற்கிறவருக்கு தெரியாது. ஆர்.சி. மாற்ற பாரம் 29, 30-ல் கையெழுத்து போடுகிறோமே, அன்றைக்கே இதையும் செய்துவிடலாம்.

2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ மாதிரி, செல்போன் ஆப் மூலமே கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வண்டிகளும் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. வாங்குகிறவர், பழைய ஓனரின் ஆப் கணக்கில் இருந்து வண்டி நீக்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்று அவருக்கு தெரிந்துகொண்டே இருக்கலாம்.

27 விநாடி... 600 மீட்டர்!

சரி, எல்லாம் ஒழுங்காக செட் செய்தாச்சு. கை ஸ்டீயரிங்கில், காது ஸ்பீக்கரில். இனி பயமில்லையா?

அப்படி நினைத்தால் அது தப்பு. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக ஆட்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வாயால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் டிரைவரின் கவனம் முழுசாக ரோட்டுக்கு திரும்ப 27 விநாடி வரை ஆகலாம் என்று தெரிந்தது. 80 கிலோ மீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 600 மீட்டர்! ஓசூர்- கிருஷ்ணகிரி ரோட்டில் சூளகிரி, குருபரப்பள்ளி பக்கம் 600 மீட்டருக்குள் என்னென்ன குறுக்கே வரும் என்று அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்கு சொல்ல வேண்டியதில்லை.

போனை கையில் எடுத்து டைப் செய்வது இதைவிட மோசம். 2009-ல் வர்ஜீனியா டெக் வெளியிட்ட ஆய்வில், மெசேஜ் டைப் செய்த லாரி டிரைவர்கள் 6 விநாடியில் 4.6 விநாடி ரோட்டையே பார்க்கவில்லை. 80 கிலோ மீட்டர் வேகத்தில் அது 100 மீட்டர் தூரம் கண்ணை மூடி ஓட்டுவதற்கு சமம். ஆபத்து 23 மடங்கு அதிகம் என்றும் கணக்கு சொன்னார்கள்.

சட்டமும் கெடுபிடிதான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தின் 184-வது பிரிவில், ஓட்டும்போது கையில் பிடித்து போன் பயன்படுத்துவது ஆபத்தான டிரைவிங்கில் சேர்க்கப்பட்டது. முதல் தடவை 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் 2 வருடம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1-ந்தேதி முதல், கவனம் சிதறாமல் வழி பார்ப்பதற்கு மட்டும் போனை பயன்படுத்தலாம் என்று விதியில் தளர்வு வந்தது. ஸ்பாட்டில் வசூலிக்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் ஒரு ரேட், அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ரேட்.

அதனால் கார் மெசேஜை படித்தால் காதில் வாங்கிக் கொள்ளலாம். பதில் அனுப்ப வேண்டுமா, சில கார்களில் 'ஓட்டிக்கொண்டு இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்' என்ற மாதிரி ரெடிமேட் பதில் இருக்கிறது. ஒரே தட்டில் போய்விடும். அதற்கு மேல் பேச்சு என்றால் ஓரம் கட்ட வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானா இதெல்லாம் என்று கேட்க வேண்டாம். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி 2018 பிப்ரவரியில் என்டார்க் 125 ஸ்கூட்டரை இறக்கியபோதே, கூப்பிடுகிறவர் பெயரும் எஸ்.எம்.எஸ். வந்த தகவலும் மீட்டரிலேயே தெரிகிற மாதிரி கொடுத்தது. ஸ்கூட்டரை விற்கும்போதும் ஆப்பில் இருந்து நீக்குவதை மறக்கக் கூடாது.

உயிர் காக்கும் ஒரு கால்

இவ்வளவு சொன்னதால் இந்த வசதியே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2013-ல் சென்னை அருகே மறைமலை நகரில் தயாராகி வந்த போர்டு ஈக்கோஸ்போர்ட் காரில் 'சிங்க்' என்ற வசதி இருந்தது. விபத்தில் ஏர்பேக் வெடித்தால், டிரைவர் மயங்கிக் கிடந்தாலும், அவருடைய செல்போன் வழியாகவே கார் தானாக 108-ஐ கூப்பிடும். அந்த ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்றுபோனது. வண்டிகள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன, செகண்ட் ஹேண்டில் கை மாறுகின்றன.

அந்தக் காரை வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காருக்கென்று தனி சிம் கார்டு கிடையாது. அது டிரைவரின் போனைத்தான் பிடித்துக் கூப்பிடும். பட்டியலில் பழைய ஓனரின் போன் பெயர் மட்டும் இருந்தால் அந்தக் கால் போகவே போகாது. பழையதை நீக்கிவிட்டு தன் போனை சேர்த்து, செட்டிங்ஸில் எமர்ஜென்சி அசிஸ்டன்ஸ் ஆனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனில் சார்ஜும், அது வண்டிக்குள்ளேயும் இருக்க வேண்டும். மற்ற கார்காரர்கள் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033 இரண்டையும் போனில் பெயர் போட்டு சேவ் செய்துவிட்டால், அவையும் வீட்டு நம்பரோடு சேர்ந்து கார் திரைக்கு வந்துவிடும்.