எருசலேம் போனவர்கள் எதையெல்லாம் கொண்டுவந்தார்கள், தெரியுமா?

குருத்தோலை ஞாயிறன்று நம் ஊர்க் கோயிலில் சின்னஞ்சிறுசுகள் ஓலையை ஆட்டிக்கொண்டு, ஓசன்னா பாடித் தெருவைச் சுற்றி வருகிறார்களே, அந்தப் பவனி முதலில் எந்தத் தெருவில் நடந்தது தெரியுமா? எருசலேமில்! ஒலிவ மலையிலிருந்து நகருக்குள் இறங்கும் பாதையில்! அதை நேரில் பார்த்து முதன்முதலாக எழுதி வைத்தவர் யார் தெரியுமா? ஒரு பெண்! அதுவும் 1,600 ஆண்டுகளுக்கு முன்னால்!

அவர் பெயர் எகேரியா. ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து, அநேகமாக இன்றைய ஸ்பெயின் பக்கமிருந்து புறப்பட்டவர். 381 முதல் 384 வரை எருசலேமில் தங்கி, அங்கிருந்து சுற்றாத இடமில்லை. சீனாய் மலை ஏறினார். மோசே கானான் தேசத்தைப் பார்த்த நேபோ மலைக்குப் போனார். போன இடத்திலெல்லாம் அவரும் கூட வந்தவர்களும் அந்த இடத்துக்குரிய வேதபகுதியை அங்கேயே வாசித்து ஜெபம் பண்ணினார்கள். இன்றைக்கு நம் குழுக்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் போதகர் வேதத்தைத் திறக்கிறாரே, அந்த ஒழுங்கு அவ்வளவு பழையது!

பார்த்ததையெல்லாம் எகேரியா ஊரிலிருந்த தன் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். ஜனங்கள் பாடிக்கொண்டு முன்னால் போக, ஆயர் பின்னால் வர, நடக்கத் தெரியாத குழந்தைகளைப் பெற்றோர் தோளில் வைத்துக்கொண்டு, குருத்தோலையும் ஒலிவக் கிளையும் பிடித்து மலையிலிருந்து இறங்கியதை அவர் சொல்லும்போது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று சிலுவை மரத் துண்டை முத்தி செய்ய வரிசை நின்றதாம். ஆயர் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்க, சுற்றிலும் தியாக்கோன்கள் காவல். ஏன் தெரியுமா? முன்பு ஒருவர் முத்தி செய்வதுபோல் குனிந்து, ஒரு துண்டைக் கடித்தெடுத்துக்கொண்டு போய்விட்டாராம்! இவ்வளவையும் சொல்லும் கடிதம் பல நூற்றாண்டு யாருக்கும் தெரியாமல் கிடந்து, 1884இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தில் கிடைத்தது. முன்னும் பின்னும் ஏடுகள் போய்விட்டன. நடுப்பகுதிதான் நம் கைக்கு வந்தது. அது போதும், உடம்பு சிலிர்க்க!

எருசலேமுக்குப் போவது பெரிய பாக்கியம்தான். ஆனால் போனவர்கள் ஊர் திரும்பிச் செய்த காரியங்களைப் பாருங்கள், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அதிசயம்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயில்களில் நடக்கும் சிலுவைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 14 நிலைகள். இவை எருசலேம் தெருக்களில் ஆதியிலிருந்தே இருந்தவை என்றுதானே நினைக்கிறோம்? இல்லை! ஆண்டவர் சிலுவை சுமந்த வழியில் நடந்து வந்த யாத்திரிகர்கள், கடல் கடக்க முடியாத தங்கள் ஊர் ஏழை எளியவர்களுக்காக ஐரோப்பாவில் அந்த வழியைப் படங்களாகவும் சிற்றாலயங்களாகவும் அமைத்தார்கள். நிலைகள் ஊருக்கு ஊர் கூடின, குறைந்தன. ஜெபப் புத்தகங்கள் வழியாக எண்ணிக்கை ஒழுங்குபட்டு, 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளெமெந்து 14 என்று உறுதி செய்தார். ஐரோப்பாவில் நிலைபெற்ற அதே வரிசை எருசலேமுக்கே திரும்பிப் போனது! இன்று எருசலேம் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் சிலுவைப் பாதையில் நாம் நிற்கும் நிலைகள், வீடு திரும்பிய யாத்திரிகர்களின் பக்தியில் உருவானவை. கடைசி ஐந்து நிலைகளும் திருக்கல்லறைப் பேராலயத்துக்கு உள்ளேயே இருக்கின்றன.

சரி, குழுவாகச் சேர்ந்து ஒருவரிடம் மொத்தப் பணத்தையும் கட்டிவிட்டுப் போகும் டூர் எப்போது தொடங்கியது? தாமஸ் குக் 1869இல் குதிரை, கூடாரம், சமையல்காரர் சகிதம் முதல் குழுவைப் பரிசுத்த தேசத்துக்கு அழைத்துப் போனார் என்பதைச் சிலர் அறிந்திருப்பீர்கள். அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வெனிஸ் நகரத்துக் கப்பல் தலைவர்கள் இதைச் செய்துவிட்டார்கள்! யோப்பா துறைமுகம் போய்த் திரும்பும் கட்டணம், சாப்பாடு, வரி, எருசலேம் வரை வழித்துணை, எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில்! ஜெர்மனியின் உல்ம் நகரத்திலிருந்து போன பெலிக்ஸ் ஃபாப்ரி என்ற தொமினிக்கன் துறவி அந்த ஒப்பந்த விதிகளை எழுதி வைத்திருக்கிறார். யாத்திரிகர்கள் கோழிகளைக் கப்பலில் வைத்துக்கொள்ள இடம் தர வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி! 1480இல் போனபோது அவருக்குப் பரிசுத்த தேசத்தில் கிடைத்தது ஒன்பதே நாள். ஓட்டமும் நடையுமாகப் பார்த்ததில் மனம் ஆறாமல், 1483இல் மறுபடியும் புறப்பட்டுப் போனார். பத்து நாள் டூரில் மூன்று தேசம் பார்த்து வந்தவர்களுக்கு அந்த ஏக்கம் நன்றாகவே புரியும்.

கொண்டுவந்த பொருள்களைக் கேட்டால் வாய் பிளந்துவிடுவீர்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஆறாம் நூற்றாண்டின் சிறிய மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே என்ன தெரியுமா? பரிசுத்த தேசத்துக் கற்களும் மண்ணும் மரத்துண்டுகளும்! சிலவற்றில் எந்த இடத்தில் எடுத்தது என்று பெயரே எழுதியிருக்கிறது. மூடியின் உட்புறம் இயேசுவின் பிறப்பு, ஞானஸ்நானம், சிலுவை, கல்லறை, பரமேறுதல் என ஐந்து காட்சிகள் வண்ணத்தில்! 19ஆம் நூற்றாண்டு ருஷ்யக் குடியானவர்கள் வெள்ளை அங்கி உடுத்து யோர்தானில் மூழ்கி, அதே அங்கியைக் காயவைத்து ஊருக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துவார்கள். எதற்கு? சாகும்போது அதை உடுத்தி அடக்கம் பண்ணுவதற்கு! கிரேக்க, பல்கேரியக் கிறிஸ்தவர்கள் எருசலேம் போய் வந்தால் பெயருக்கு முன்னால் ‘ஹாஜி’ பட்டம் சேர்ந்துவிடும். ஆம், கிறிஸ்தவர்களுக்குத்தான்! அந்தப் பட்டம் இன்றும் அவர்களுடைய குடும்பப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் சிலர் தோலிலேயே அடையாளம் வாங்கி வந்தார்கள். பழைய எருசலேமில் ரசூக் என்ற காப்டிக் குடும்பத்தார் மர அச்சுகளை வைத்து யாத்திரிகர்களுக்குச் சிலுவைப் பச்சை குத்துகிறார்கள். எழுநூறு ஆண்டாகத் தொடரும் தொழில் என்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒருவர் கல்லறையையே கொண்டுவந்தார்! கியோர்க் எம்மெரிக் என்ற ஜெர்மானிய வணிகர் 1465இல் எருசலேம் போனார். பின்னாளில் அவருடைய ஊரான கெர்லிட்ஸில் ஆண்டவரின் கல்லறை மண்டபம் அப்படியே கட்டப்பட்டது. 1808இல் எருசலேம் பேராலயத்தில் தீப்பிடித்து, மண்டபத்தை 1810இல் புதிதாகக் கட்டினார்கள். கெர்லிட்ஸ் மண்டபமோ அசையாமல் நிற்கிறது. ஆக, எம்மெரிக் கண்ட கல்லறை மண்டபத்தின் சாயலைப் பார்க்க இன்று ஜெர்மனிக்குத்தான் போக வேண்டும்! எத்தியோப்பியாவிலும் இதுபோல் எருசலேமின் நினைவாக, லாலிபெலாவில் பாறையைக் குடைந்தே ஆலயங்களை உண்டாக்கி, நடுவில் ஓடும் ஓடைக்கு யோர்தான் என்று பெயரிட்டார்கள்.

இன்றைக்குப் போகிறவர்கள் கண்டு வரும் அதிசயங்களும் குறைவா என்ன? சவக்கடல் கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே. அங்கிருந்து எருசலேமுக்குப் பேருந்து ஏறும் உயரம் 1,100 மீட்டருக்கு மேல்! கலிலேயாக் கடலின் நீர்மட்டம் இறங்கிய 1986இல், இயேசுவின் காலத்தை ஒட்டிய 8 மீட்டர் நீளப் படகொன்று சேற்றிலிருந்து வெளிப்பட்டது. கண்டெடுத்தவர்கள் மீனவச் சகோதரர் இருவர்! பேதுருவையும் அந்திரேயாவையும் நினைக்காமல் இருக்க முடியுமா? திருக்கல்லறைப் பேராலயத்தை ஆறு சபைகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. வாசல் சாவியோ தலைமுறை தலைமுறையாக ஓர் இஸ்லாமியக் குடும்பத்தின் கையில், கதவைத் திறப்பது இன்னொரு இஸ்லாமியக் குடும்பம்! முகப்புச் சன்னலடியில் சாத்தியிருக்கும் மர ஏணி 18ஆம் நூற்றாண்டுப் படத்திலேயே இருக்கிறது. ஞானஸ்நானம் நடந்த இடத்தில் யோர்தான் சில மீட்டர் அகலந்தான். நடுவே நாட்டு எல்லை ஓடுகிறது; இக்கரையில் முழுகுகிறவர்களும் அக்கரையில் முழுகுகிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம்!

நம்மவர்களைக் கண்கலங்க வைக்கும் இடம் ஒன்று ஒலிவ மலையில் இருக்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் பெயரால் நிற்கும் அந்த ஆலயத்தின் சுவர்களில் அந்த ஜெபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் தமிழும் உண்டு! போகிறவர்கள் தேடிப் பிடித்து, அதன் முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

தமிழ்நாட்டு அரசு எருசலேம் யாத்திரைக்கு மானியம் கொடுப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆளுக்கு 20,000 ரூபாயாகத் தொடங்கியது பின்னர் 37,000 ஆனது, கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. போக நினைக்கும் எளிய குடும்பத்தார் மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் இப்போதைய விதிமுறைகளை விசாரியுங்கள்.

போய் வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். யோர்தான் தண்ணீரையும் ஒலிவ மரச் சிலுவையையும் பக்கத்து வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த நாள், எந்த இடம், யார் யார் கூட வந்தார்கள், எந்த வேதபகுதியை வாசித்தீர்கள், எந்தப் பாட்டைப் பாடினீர்கள் என்று பத்துப் பக்கமாவது எழுதி, ஒரு பிரதியை உங்கள் சபையில் கொடுத்து வையுங்கள். முழங்கால் வலியால் வர முடியாமல் போன பாட்டிமார் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.