தளர்வது தசை மட்டுமா?

கொக்குவிலிலே சுருட்டுச் சுற்றிப் பழகிய கையொன்று காரணமின்றி வலுவிழக்கிறது; சில திங்களில் நாவும் குழறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தசைகளை ஏவும் நரம்புக் கலங்கள் மூளையிலும் முண்ணாணிலும் மடிவதால் வரும் இதனை இயக்க நரம்பு நோய் என்பர். இதற்கு முகங்கள் பல. இளையோரைப் பற்றிச் செவிப்புலனையும் மழுங்கச் செய்யும் ஒரு வகையை, 1970இல் சென்னை மருத்துவர் மீனாட்சிசுந்தரம் குழுவினர் விவரித்தனர்.

உடல் தளரினும் அறிவு தளராது என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர். 1963இல் நோய் கண்ட பௌதிக அறிஞர் ஸ்டீபன் ஹோக்கிங், 2018இல் மறையும்வரை அறிவொளி குன்றாது வாழ்ந்தார். ஆயினும் நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் சிந்தனையிலோ நடத்தையிலோ சிறிதேனும் மாற்றம் தோன்றுவதை இன்று அறிவோம்.

ஏன் இவ்வேறுபாடு? விடையின் ஒரு பகுதி பரம்பரையலகில் உண்டு. 1993இல் கண்டறிந்த 'எஸ்.ஓ.டி.1' அலகின் பழுது பெரும்பாலும் அறிவைத் தீண்டுவதில்லை. 2011இல் ஒன்பதாம் நிறமூர்த்தத்திற் கண்ட பழுதோ, ஆறெழுத்துச் சொல்லொன்றை நூற்றுக்கணக்கில் மீண்டும் மீண்டும் எழுதிவிட்டாற் போன்றது. அது மூளையின் நெற்றிப்புறத்தையும் தாக்கவல்லது. ஐரோப்பியரிடை மிகுதியாகவும் ஆசியரிடை அரிதாகவும் காணப்படுவது. பெற்றோரில் ஒருவரிடம் இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. ஆனால், அதனைப் பெற்றோர் அனைவரும் நோயுறுவர் என்பதில்லை.

ஆகவே, கை தளர்ந்த தந்தை என்றுமில்லாதவாறு சினந்து விழுந்தால், 'குணங்கெட்டார்' என்று பழியாதீர்கள். அதுவும் நோயின் கூறாகலாம். வைத்தியரிடம் அதனையும் மறையாது சொல்லுங்கள்.