மலிவான வேட்டைத் துப்பாக்கி: சிக்கனம் எங்கே?

பண்டமொன்று மலிவாகக் கிடைத்தால் அதன் தரத்தில் ஐயங்கொள்வது மனித இயல்பு. எந்த இடத்திலே சிக்கனம் செய்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து பார்ப்பவர் சிலரே. வேட்டைத் துப்பாக்கியைப் பொறுத்தவரை இந்த ஆராய்ச்சி மிக அவசியமாகும். துப்பாக்கி பழுதானால் கேடு அதனை வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை. அருகே நிற்பவரையும், சுடப்படும் விலங்கையும் அது சேரும்.

அமெரிக்காவில் இலையுதிர்காலம் மான் வேட்டைக்குரிய பருவம். அனுமதிப் பத்திரம் பெற்று வேட்டையாடும் குடும்பங்கள் பல, தமக்கு வேண்டிய இறைச்சியை இப்பருவத்திலே சேமித்துக்கொள்கின்றன. செல்வம் மிகுதியாக இல்லாத இத்தகையோரை மனத்திற்கொண்டு, 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற றூகர் கம்பனி, 2011ஆம் ஆண்டின் இறுதியில் ‘றூகர் அமெரிக்கன்’ என்னும் றைபிளை வெளியிட்டது. அப்பொழுது அதற்குக் குறிக்கப்பட்ட விலை 449 டொலர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் இதன் இரண்டாவது அமைப்பும் வெளிவந்தது. நாம் இங்கு நோக்குவது முதலாவது அமைப்பையே.

தாழ்ப்பாளின் தத்துவம்

இது ‘போல்ட்’ வகையைச் சேர்ந்த துப்பாக்கி. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் இதன் இயக்கம் எளிதில் விளங்கும். கைப்பிடியை உயர்த்திப் பின்னே இழுத்தால் சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே விழும். முன்னே தள்ளினால் புதிய தோட்டா குழலினுள் நுழையும். கைப்பிடியைத் தாழ்த்தியதும் தாழ் விழுந்துவிடும். வெடிக்கும்போது எழும் வாயுவின் பேரழுத்தத்தைத் தாங்கி நிற்பவை, தாழின் முனையிலுள்ள எஃகுப் பற்களே. ஜெர்மனியின் புகழ்பெற்ற 1898ஆம் ஆண்டு மௌசர் துப்பாக்கியில் முன்புறம் இரண்டு பற்கள் உள்ளன. கைப்பிடியை 90 பாகை உயர்த்த வேண்டும். றூகரில் பற்கள் மூன்று. 70 பாகை போதும். ஆகவே, மேலே பொருத்திய தொலைநோக்கியில் கை இடிபடுவதில்லை.

முதற் பார்வை

கையில் எடுத்தவுடன் நமக்குத் தோன்றுவது ஏமாற்றமே. வாதுமை மரத்தின் மெருகு இல்லை. பிடிப்பகுதி முழுவதும் பிளாஸ்டிக். தட்டினால் உள்ளீடற்ற ஓசை எழும். முன்பகுதியை அழுத்தினால் சிறிது வளையும். தோட்டாக்கள் நான்கு கொள்ளும் கூடும் பிளாஸ்டிக்கே. குறிபார்க்கும் இரும்பு முனைகளும் இல்லாமையால் தொலைநோக்கிக்குத் தனியாகச் செலவிட வேண்டும். எடை ஏறக்குறைய 6¼ இறாத்தல். மலையேறுவோருக்கு இது வசதி.

ஆயினும், அழகிலே குறைத்தவர்கள் உறுதியிலே குறைக்கவில்லை. குழல், எஃகைக் குளிர்ந்த நிலையிலேயே சம்மட்டிகளால் அடித்து உருவாக்கப்பட்டது. விசையின் இறுக்கத்தை 3 முதல் 5 இறாத்தல் வரை உரியவரே மாற்றிக்கொள்ளலாம். காப்புத் தடுப்பு பெருவிரலுக்கு எட்டும் இடத்திலுள்ளது. அதனை இட்டபடியே தாழைத் திறந்து தோட்டாக்களை அகற்றலாம். இது உயிர்காக்கும் ஏற்பாடன்றோ!

மலிவின் இரகசியம் வேறோரிடத்தில் இருக்கிறது. முற்காலத்தில் இரும்புப் பகுதியை மரக்கட்டையில் இழைத்துப் பொருத்துவது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை. நேரமும் கூலியும் மிகுதி. மழையில் மரம் ஊதிக் குழலை நெருக்கினால் குறியும் தவறும். இங்கோ, பிளாஸ்டிக்கினுள் பதித்த இரண்டு எஃகுக் கட்டைகள் இரும்புப் பகுதியை இறுகப் பற்றிக்கொள்கின்றன. குழல் எதிலும் தொடாமல் நிற்கிறது. கைவினை ஒன்று மறைவது வருந்தத்தக்கதே. எனினும் ஏழை வேட்டைக்காரனுக்கும் நேராகச் சுடும் கருவி கிட்டியிருக்கிறது.

மீதமாகும் பணத்தை என்செய்வது? தோட்டாக்கள் வாங்கி இலக்குப் பலகையிலே பயிலுவதே தக்க செலவு. காயத்தோடு ஓடிப் புதரிலே துடித்து மடியும் மானுக்கு, தன்னைச் சுட்ட துப்பாக்கியின் விலை ஒரு பொருட்டன்று. துப்பாக்கியின் விலை குறையலாம். சுடுபவனின் பொறுப்புக் குறையலாகாது.