இருவர் ஒரே வரியைத் திருத்தும்போது

இணையத்தில் பகிரப்பட்ட ஆவணம் ஒன்றில் 'கூட்டம் 10 மணிக்கு' என்று ஒரு வரி இருக்கிறது. அலுவலகத்தில் இருப்பவர் 10ஐ அழித்துவிட்டு 11 என்று தட்டுகிறார். அதே நொடியில், ரயிலில் போய்க்கொண்டிருக்கும் இன்னொருவர் 10ஐ அழித்து 12 என்று போடுகிறார். கடைசியில் இருவர் திரையிலும் 'கூட்டம் 1112 மணிக்கு' என்று நிற்கக்கூடும். படிப்பவருக்கு இது பிழை. ஆனால், நிரல் எழுதியவரைக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது என்பார். இருவர் தட்டியதில் எதுவும் வீணாகவில்லை. இருவரும் காண்பது ஒரே வரி. நிரல் கொடுத்த வாக்குறுதி அவ்வளவுதான். கூட்டம் எத்தனை மணிக்கு என்பது அதன் கவலை இல்லை.

அந்த 'ஒரே வரி' வாக்குறுதியைக் காப்பாற்றவே கணினி அறிவியல் பல ஆண்டுகள் தடுமாறியது.

இணைய வேகம் கூடினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். தீராது. சென்னையிலிருந்து அமெரிக்காவில் உள்ள சர்வருக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப ஏறக்குறைய கால் நொடி ஆகும். ஒவ்வோர் எழுத்துக்கும் கால் நொடி காத்திருக்க வேண்டுமென்றால் யாரும் தட்டச்சு செய்ய மாட்டார்கள். அதனால் எழுத்து முதலில் தட்டியவரின் திரையில் விழுந்துவிடுகிறது, பிறகுதான் மற்றவர்களுக்குச் செல்கிறது. அந்த இடைவெளியில் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது வேறு வேறு ஆவணம். பலர் கூடி எழுதும் சேவைகளின் கட்டமைப்பு முழுவதும் அந்தக் கணநேரப் பிளவைப் பிறகு எப்படி ஒட்டுவது என்பதற்கான ஏற்பாடுதான்.

பழைய வழி, பூட்டு. ஒருவர் கோப்பைத் திறந்திருந்தால் மற்றவர் படிக்கலாம், எழுத முடியாது. வார்ட் கன்னிங்ஹாம் 1995இல் தொடங்கிய முதல் விக்கியும், 2001இல் வந்த விக்கிப்பீடியாவும் அந்த வழியில் போகவில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சேமிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இடையில் வேறொருவர் அதே பகுதியை மாற்றிவிட்டால், 'முரண்' என்று அறிவித்துத் தீர்க்கும் வேலையை மனிதரிடமே ஒப்படைத்துவிடும். கலைக்களஞ்சியத்துக்கு இது போதும். ஒரே பத்தியில் நான்கு பேர் ஒன்றாகத் தட்டினால் போதாது.

1989இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு யோசனையை வெளியிட்டார்கள். (அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் எல்லிஸ்.) ஆவணத்தை அனுப்பாதே, செய்த செயலை மட்டும் அனுப்பு, வந்து சேரும் செயலை, இடையில் நடந்தவற்றுக்கு ஏற்ப மாற்றிப் பொருத்து என்பது அவர்கள் சொன்னது. ஒருவர் 10ஆவது இடத்தில் ஐந்து எழுத்துகளைச் செருகுகிறார். அது தெரியாத இன்னொருவர் '40ஆவது எழுத்தை நீக்கு' என்கிறார். அந்தக் கட்டளை முதலாமவரின் கணினிக்கு வரும்போது, அது '45ஆவது எழுத்தை நீக்கு' என்று திருத்தப்பட வேண்டும். இல்லையென்றால் வேறேதோ எழுத்து பலியாகும்.

காகிதத்தில் எளிது. ஆனால் மூன்று நான்கு பேரின் செயல்கள் வெவ்வேறு வரிசையில் வந்து சேர்ந்தால், எதை எதற்கேற்ப மாற்றுவது என்பது தலைசுற்ற வைக்கும் கணக்கு. எல்லிஸும் கிப்ஸும் கொடுத்த வழிமுறையிலேயே பின்னர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதைச் சரிசெய்ய வந்தவற்றில், நிரூபிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சிலவும் எதிர் உதாரணங்களில் விழுந்தன.

மீட்சி வந்தது கணிதத்திலிருந்து அல்ல, அமைப்பை மாற்றியதிலிருந்து. 1995இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவான ஜூபிடர் அமைப்பில் எந்தக் கணினியும் மற்றொரு கணினியோடு நேராகப் பேசாது. நடுவில் இருக்கும் சர்வரோடு மட்டும் பேசும். வரிசையைச் சர்வர் தீர்மானிக்கும். பத்துப் பேருக்கு இடையிலான பிணக்கு, பத்துத் தனித்தனி இருவர் பிணக்குகளாகச் சுருங்கிவிட்டது. 2009இல் கூகுள் ஆரவாரமாக அறிவித்து அடுத்த ஆண்டே கைவிட்ட 'வேவ்' இந்த வடிவத்தில்தான் கட்டப்பட்டது. வேவ் போனாலும் அந்த வழி தங்கியது: 2010இல் புதுப்பிக்கப்பட்ட கூகுள் டாக்ஸ், பதிப்புகளை ஒப்பிட்டு இணைக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, எழுத்துக்கு எழுத்து செயல்களை அனுப்பி மாற்றிப் பொருத்தும் முறைக்கு வந்தது.

செய்தி போகும் குழாயும் மாற வேண்டியிருந்தது. பிரவுசர் கேட்டால்தான் சர்வர் பதில் சொல்லும், தானாகப் பேசாது என்பதே வலையின் அடிப்படை ஒழுங்கு. பக்கத்தை மறுபடி ஏற்றாமலே பின்னணியில் கேட்கும் வசதி 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வந்தது. இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசக்கூடிய வெப்சாக்கெட் 2011இல்தான் இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது.

வரிசையைத் தீர்மானிக்கும் சர்வர் என்ற நடுவர் இல்லாமல் முடியாதா? பிரான்சில் 2006இல் ஓர் ஆய்வுக் குழு முடியும் என்று காட்டியது. 2011இல் இத்தகைய வழிமுறைகளின் குடும்பத்துக்கே சி.ஆர்.டி.டி. என்ற பெயர் அமைந்தது. இதில் '40ஆவது எழுத்து' என்ற பேச்சே இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் பிறக்கும்போதே மாறாத அடையாளம் ஒன்று: எந்தக் கருவியில் பிறந்தது, அங்கே எத்தனையாவது, எந்த எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும் என்று. செயல்கள் எந்த வரிசையில் வந்தாலும் எல்லாக் கருவிகளும் ஒரே விடைக்கு வந்து சேரும். இணைப்பே இல்லாமல் விமானத்தில் எழுதிவிட்டு இறங்கியதும் இணைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் நோட்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது, ஒய்.ஜே.எஸ்., ஆட்டோமெர்ஜ் என்ற திறமூல நிரல்கள் இதை யாரும் பயன்படுத்தும்படி ஆக்கின. விலையும் உண்டு. பல வடிவங்களில் நீக்கிய எழுத்து உண்மையில் போய்விடுவதில்லை, நீக்கப்பட்டது என்ற குறியோடு உள்ளேயே கிடக்கும். பல ஆண்டுகள் திருத்தப்பட்ட ஆவணம் கனத்துப் போகும்.

எழுத்தை எண்ணுவதிலும் ஒரு பொறி இருக்கிறது; தமிழில் எழுதுபவர்களை அது நேராகத் தொடும். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடுக்கு ஐந்து குறிகள், ஏனென்றால் 'மி'யில் ம தனி, இகரக் கொக்கி தனி. 'ழ்'இல் புள்ளி தனி. இந்தச் சொல்லின் நீளம் ஜாவாஸ்கிரிப்டுக்கு 5. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழிக்கு 3. பிரவுசரில் ஒருவரும் ஐபோனில் ஒருவருமாகத் திருத்தும்போது எண்ணும் முறையை நிரலாளர் ஒன்றாக்கத் தவறினால், '45ஆவது இடம்' இருவருக்கும் வேறு வேறு இடமாகிவிடும். செருகல் ம-வுக்கும் கொக்கிக்கும் நடுவில் விழுந்தால், கொக்கி போய் அந்நிய எழுத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும் கற்ற பிறகு வேண்டாததைத் தள்ளத் தெரிந்தது ஃபிக்மா. வடிவமைப்பாளர்கள் கூடி வரையும் அந்தச் சேவை எப்படி இயங்குகிறது என்பதை அதன் இணை நிறுவனர் இவான் வாலஸ் 2019இல் விளக்கினார். சி.ஆர்.டி.டி.யிலிருந்து யோசனைகளை எடுத்துக்கொண்டார்கள். சர்வர் ஒன்று நடுவில் இருப்பதால் மற்ற பாரங்களை இறக்கிவிட்டார்கள். ஒரு பெட்டியின் நிறம், அகலம், இடம் ஒவ்வொன்றும் தனிப் பண்பு. ஒருவர் நிறத்தையும் இன்னொருவர் அகலத்தையும் மாற்றினால் இரண்டும் நிற்கும். இருவரும் நிறத்தையே மாற்றினால், சர்வருக்குக் கடைசியாக வந்தது நிற்கும். எழுத்துப் பெட்டிக்கும் அதே விதி: 'B' என்பதை ஒருவர் 'AB' ஆகவும் மற்றவர் 'BC' ஆகவும் மாற்றினால், இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும், 'ABC' வராது. நாங்கள் செய்வது வரைகலைக் கருவி, எழுத்துக் கருவி அல்ல என்று அதற்கு நியாயமும் சொன்னார். இந்தத் துறையில் இவ்வளவு வெளிப்படையாகத் தன் எல்லையைச் சொன்ன பொறியியல் குறைவு. கூட்ட நேரத்துக்கும் இந்த முரட்டு விதியே மேல்: 11 அல்லது 12 என்று ஏதோ ஒன்றாவது கிடைத்திருக்கும்.

ஃபிக்மா குழுவை அதிகம் குழப்பியவற்றில் 'அன்டூ' பொத்தானும் ஒன்று. பலர் கூடும் இடத்தில் யாருடைய செயலை அது திரும்பப் பெற வேண்டும்? தன்னுடையதை மட்டும் என்றால், தான் வரைந்ததன் மேல் இன்னொருவர் வேலை செய்திருந்தால் என்ன ஆவது? அவர்கள் ஒரு சோதனையை விதியாக வைத்துக்கொண்டார்கள்: ஒருவர் பலமுறை பின்னோக்கிப் போய், எதையோ நகலெடுத்துக்கொண்டு, மறுபடி முன்னோக்கி நிகழ்காலத்துக்கு வந்தால், ஆவணம் மாறாமல் இருக்க வேண்டும். இடையில் மற்றவர்கள் செய்தது அழியக்கூடாது. அதனால் ஃபிக்மாவில் பின்னோக்கிப் போகும் அந்தத் தருணத்திலேயே, திரும்பி வருவதற்கான பட்டியலும் புதிதாகத் திருத்தி எழுதப்படுகிறது.