என்ஜினைக் கழுவிய பின் வண்டி இடறுகிறதா?

ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாள்களில் அல்சூரில் எந்த வாட்டர் வாஷ் கடைக்கு முன்னாலும் வண்டிகள் வரிசையில் நிற்பதைக் காணலாம். வீட்டுக்கு வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்கும்போதே காருக்கும் சேர்த்து வாங்குவது பெங்களூர் வழக்கம். ஆண்டு முழுவதும் நம்மைச் சுமந்த வண்டிக்குப் பொட்டிட்டு மாலை சூட்டும் நாளில் அதன் என்ஜினும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று பலர் பானட்டையும் திறந்துவிடச் சொல்கிறார்கள். பீய்ச்சியடிக்கும் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் கொண்டு போய்விடுகிறது. ஆனால் மறுநாள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பும்போது சில வண்டிகள் நடுங்குகின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. சிக்னலில் நின்றால் அணைந்து விடுகின்றன. பட்டறை மொழியில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். தமிழ், கன்னடம், உருது என எந்த மொழி பேசும் மெக்கானிக்கிடமும் இந்த ஒரு சொல் போதும்.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. பூஜை முடிந்த கையோடு, அந்த விடுமுறையிலேயே கிருஷ்ணகிரி, வேலூர், சேலம் என்று ஊருக்குப் புறப்படுகிறவர்கள் நாம். சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை 2010-இல் திறக்கப்பட்ட மேம்பாலம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் நடுவில், பின்னால் வண்டிகள் வேகமாக வரும் நேரத்தில், குழந்தைகளோடு போகும் கார் இழுவை இழந்தால் என்ன ஆகும்? ஆகவே 'ஓடஓடச் சரியாகிவிடும்' என்று நம்பிக் கிளம்புவது நல்லதல்ல.

இத்தகைய வண்டிகள் பலவற்றைப் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டது ஒன்று. தண்ணீர் பெரும்பாலும் புதுக் கோளாறைக் கொண்டு வருவதில்லை; முன்பே இருந்த விரிசலையும் தளர்ச்சியையும் காட்டிக் கொடுக்கிறது. எனவே முதலில் உலர்த்த வேண்டும், பிறகு தேட வேண்டும், கடைசியில்தான் பொருள் மாற்ற வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் பணம் கரையும்.

தண்ணீர் எங்கே போய் உட்காருகிறது?

பெட்ரோல் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி மின்சாரத்தை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்த மின்சாரம் ஸ்பார்க் பிளக்கின் முனையில் சிறு இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போது உண்டாகும் பொறியே பெட்ரோலைக் கொளுத்துகிறது. மின்சாரம் எப்போதும் எளிய வழியைத் தேடும். அழுக்கு கலந்த ஈரம் ஒயரின் மேலோ மூடியின் மேலோ படிந்திருந்தால், இடைவெளியைத் தாண்டாமல் ஈரத்தின் வழியாகவே என்ஜினின் இரும்புக்கு இறங்கிவிடும். அந்த சிலிண்டரில் பொறி இல்லை, வண்டி இடறுகிறது.

பழைய மாருதி 800, அம்பாசடர், பியட் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. கிளிப்பையோ திருகையோ விடுவித்து, மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். உள்ளே பென்சிலால் கோடு கிழித்தது போல் மெல்லிய கருப்புத் தடம் தெரிந்தால் மூடி முடிந்துவிட்டது. அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை, நீண்ட பிளக் ஒயரும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. பிளக்கோ என்ஜின் தலைக்குள் ஆழமான குழியில் இருக்கிறது. காயிலின் ரப்பர் வயதாகித் தளர்ந்திருந்தால், பீய்ச்சும் தண்ணீர் அந்தக் குழிக்குள் இறங்கிவிடும். மேலே மூடியிருப்பதால் என்ஜின் சூட்டில்கூட அது எளிதில் ஆவியாகாது; நாள்கணக்கில் அப்படியே தங்கும். வெளியே பார்த்தால் எல்லாம் உலர்ந்திருக்கும், உள்ளே சிறு கிணறு!

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலில் என்ஜினை அணைத்து நன்றாக ஆற விடுங்கள். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு. பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகித பில்டர் நனைந்திருந்தால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். நனைந்ததை எடுத்துவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். அருகிலுள்ள, காற்றை அளக்கும் சென்சாரைத் துணியால் துடைக்க வேண்டாம். அதன் கம்பி மிக மெல்லியது.

2. என்ஜினைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் குழாய்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரின் வேகத்தில் ஒன்று கழன்றிருந்தால் 'உஸ்' என்று சத்தம் கேட்கும். வண்டி நிற்கும்போது என்ஜின் ஏறி இறங்கி ஓடும். இதற்குக் குழாயைத் திரும்ப மாட்டினால் போதும்.

3. ஒயர்கள் சேரும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே ஈரம் இருந்தால் காற்றடித்து உலர்த்தி, 'கிளிக்' என்ற சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள். பஞ்சர் கடைக் காற்றே போதும், மிக நெருங்கி அடிக்க வேண்டாம். தலைமுடி உலர்த்தும் கருவி இருந்தால் மிதமான சூட்டில் காட்டலாம்.

4. பிளக் குழிகளைக் கடைசியாகப் பாருங்கள். காயிலை மேலே எடுத்ததும் குழிக்குள் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். இதை முடித்த பிறகே பிளக்கைத் திருகி எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் குழியில் நின்ற தண்ணீரும் மண்ணும் நேராகச் சிலிண்டருக்குள் விழும். காற்றடிக்கும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

உலர்த்துவதற்கென்று பலர் நாடும் டபிள்யூடி-40 அமெரிக்காவில் 1953-இல் உருவானது. 'தண்ணீரை விலக்குவது, 40-ஆவது முயற்சி' என்பதே அந்தப் பெயரின் பொருள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும் பழைய ஒயர்களுக்கும் சிறிது தெளித்துத் துடைத்துவிடலாம். ஆனால் அது தீப்பற்றும் பொருள். சூடான என்ஜின் மேல் அடிக்கக் கூடாது.

எப்போது சரியாகிறது என்பதைக் கவனியுங்கள்

கோளாறு எங்கே என்பதை நேரமே சொல்லிவிடும். நிறுத்தியபடி ஓடவிட்டு 15, 20 நிமிடங்களில் இடறல் நின்றுவிட்டால் அது மேலோட்டமான ஈரம். ஒரு நாள் கழிந்தும் நிற்கவில்லை என்றால் பிளக் குழியிலோ கப்ளரிலோ தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அதே தொல்லை வந்தால் ஒயரிலோ மூடியிலோ ரப்பரிலோ விரிசல் இருக்கிறது. இனி உலர்த்திப் பயனில்லை.

என்ஜின் சின்ன விளக்கு மீட்டரில் எரிந்துகொண்டே இருந்தால் மெதுவாகப் பட்டறை வரை போகலாம். விட்டுவிட்டு மின்னினால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் எரிகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அந்தப் பாகம் சூட்டில் உருகிப் போனால் செலவு பல ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சில மணி நேரப் பொறுமை அந்தச் செலவை மிச்சப்படுத்தும்.

ஸ்கேனர் சொல்வதைப் புரிந்துகொள்ள வேண்டும்

சோமேசுவரர் கோயில் தேர் ஓடுவதால் 'கார் ஸ்டிரீட்' என்று பெயர் பெற்ற தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. பூஜைக்கு முதல் நாள் கழுவிய அவர்கள் வண்டி மூன்றாம் நாளும் இடறியது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். ஊரில் முதியவரைப் பார்க்கப் புறப்பட்டிருந்த குடும்பம் அது. சொன்ன தொகையைக் கேட்டு வீட்டுக்காரர் தவித்துவிட்டார். ஸ்கேனரில் வந்த எண் என்ன என்று கேட்டேன். 'பி 0302' என்றார். பி 0300 என்றால் எந்த சிலிண்டர் என்று குறிப்பிடாத மிஸ்ஸிங்; 0301 முதல் 0304 வரை, கடைசி இலக்கமே சிலிண்டரின் எண். ஆகவே இரண்டாவது சிலிண்டரின் காயிலை எடுத்துப் பார்த்தோம். குழியில் தண்ணீர் நின்றது, காயிலின் ரப்பர் ஓரமாகக் கிழிந்திருந்தது. தண்ணீரை வெளியேற்றி ரப்பரை மாற்றியதும் வண்டி சீராக ஓடியது. மறுநாள் காலையிலேயே அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள்.

அந்த எண் இடத்தைக் காட்டுமே தவிர எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. எண்ணை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அந்த காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். எண்ணும் கூடவே நகர்ந்தால் காயில் பழுது. நகராவிட்டால் பிளக்கையும் மற்றவற்றையும் பார்க்க வேண்டும்.

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆகவே கழுவிய பின் இடறினால் கப்ளர், சென்சார், ஏர் பில்டர் ஆகியவற்றையே பாருங்கள். மின்சார வண்டிகளிலும் ஹைப்ரிட் வண்டிகளிலும் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அதில் ஓடுவது உயிருக்கே ஆபத்தான மின்சாரம். அவற்றைப் பயிற்சி பெற்றவர்களிடம் மட்டுமே விடுங்கள்.

கழுவாமலே சுத்தம் செய்யலாம்

என்ஜினுக்குப் பீய்ச்சும் தண்ணீர் உண்மையில் தேவையே இல்லை. ஆறிய என்ஜினை மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, பிசுக்கு உள்ள இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டும் என்றால் காற்றுக் குழாய் வாய், பேட்டரி, பியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர், காயில்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடச் சொல்லுங்கள். சூடான என்ஜின் மேல் குளிர்ந்த நீரை அடிக்க விடாதீர்கள். சூடேறிய இரும்பு வெடிப்பு விடும்.

பெங்களூரில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2024 மார்ச்சில் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, குடிநீரால் வாகனம் கழுவக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. 2025 பிப்ரவரியிலும் அதே தடை மீண்டும் வந்தது. ஏரிக்கரை ஊரில் வாழும் நமக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வரும் பூஜைக்குத் துணியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு, வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி, எது பேட்டரி, எது ஏர் பில்டர் என்று காட்டிக்கொண்டே துடையுங்கள். உழைக்கும் கருவியை அறிந்து மதிப்பதுதானே ஆயுத பூஜை. அன்பர்கள் அனைவரின் வண்டியும் சீராக ஓடி, ஊர் போய் நலமாகத் திரும்ப வாழ்த்துகள்.